ஒரு நாள் எலுமிச்சை, ஒரு நாள் கோலிக்குண்டு: ஒரு லாப்ரடாரின் விலாக்கட்டி

நோயாளி

புரூனோ. ஆண் லாப்ரடார், வெளிர் நிறம், எட்டு வயது, 34 கிலோ. கருத்தடை செய்தவன். வீடு பெரம்பூரில். வீட்டுக்காரர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் நாயைக் கவனிப்பது முழுக்க அவருடைய மனைவிதான். குடும்பத்தின் பெயரை எழுத வேண்டாம் என்றார்கள். நாயின் பெயரை மாற்றவும் கூடாது என்றார்கள். இரண்டு கட்டளைக்கும் கீழ்ப்படிந்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சை பாடப்புத்தகத்தில் உள்ளபடி நடந்து முடிந்தது. அதற்காக மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதற்கு ஐந்து மாதம் முன்பு புரூனோவின் கோப்பில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "வலது விலா, 2 செ.மீ., மெத்தென்று இருக்கிறது, நகர்கிறது. கொழுப்புக் கட்டி. பார்த்துக்கொள்ளலாம்." இந்த ஆய்வு அந்த வரியைப் பற்றியது.

ஜனவரி

பொங்கல் முடிந்த வாரம். வருடாந்திரத் தடுப்பூசிக்கு வந்திருந்தான். வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒரு பூனை தன் கூடையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஊசி போட்டு நிமிர்ந்தபோது அம்மா சொன்னார்:

"டாக்டரம்மா, இங்க ஒரு கட்டி இருக்கு பாருங்க. ஒரு நாள் எலுமிச்சம்பழம் மாதிரி பெருசா இருக்கு, இன்னொரு நாள் கோலிக்குண்டு மாதிரி சுருங்கிடுது."

தொட்டுப் பார்த்தேன். தோலுக்கு அடியில் வழுக்கி ஓடியது. வலி இல்லை, முடி உதிரவில்லை. நடுவயதைத் தாண்டிய லாப்ரடாருக்கு உடம்பில் இரண்டு மூன்று கொழுப்புக் கட்டியாவது இருக்கும். அன்று காலையே வேறொரு லாப்ரடாருக்கு நான்கு எண்ணியிருந்தேன். "கொழுப்புதாம்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டேன். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

அந்த அம்மா சொன்ன வாக்கியத்திலேயே நோயின் பெயர் இருந்தது. கொழுப்புக் கட்டி நாளுக்கு நாள் ஊதி வற்றாது. மெதுவாக வளரும், இல்லையென்றால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு நாள் பெரிசு, ஒரு நாள் சின்னது என்று ஆட்டம் காட்டுவது மாஸ்ட் செல் கட்டி என்னும் தோல் புற்றுநோயின் குணம். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில், வேப்பேரி வளாகத்தில் இதைப் படித்துத்தான் வந்தேன். விரல் கட்டியின் அளவைச் சொல்லும், பெயரைச் சொல்லாது என்பதும் தெரியும். தெரிந்தும் விரலை நம்பினேன்.

ஜூன்

அக்னி நட்சத்திரம் முடிந்து பத்து நாள் இருக்கும். புரூனோவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வழக்கமாக வாசலிலேயே குதிப்பவன் படியேறித் தரையில் படுத்துவிட்டான்.

கட்டி 3.2 செ.மீ. ஆகியிருந்தது. மேலே முடி இல்லை. சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. சுற்றிலும் நீலம் பாய்ந்த தடம். இரண்டு வாரமாகச் சாப்பாடு பாதிதான். நான்கைந்து தடவை வாந்தி. மலம் எப்படி என்று கேட்டேன். "கருப்பா, தார் மாதிரி போறான்" என்றார் வீட்டுக்காரர்.

கட்டிக்குப் பத்து நாளாக மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார் அம்மா. மனிதருக்குச் சுளுக்குக்குப் போடும் அதே பற்று. தடவித் தேய்த்த ஒவ்வொரு முறையும் அரை மணியில் அது இட்லி மாதிரி உப்பியது என்றும் அவரே சொன்னார்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். வாந்தி, கருப்பு மலம், உப்பும் கட்டி மூன்றும் தனித்தனி நோய் மாதிரி தோன்றும். ஒரே நோய்தான். மாஸ்ட் செல் என்பது ஒவ்வாமை வேலையைச் செய்யும் சாதாரணச் செல். நம் தோலிலும் இருக்கிறது; கொசு கடித்த இடம் தடிப்பது அதனால்தான். அதன் வயிறு நிறையக் குருணை மாதிரி பொடிகள். அந்தக் குருணைகளில் ஹிஸ்டமின், ஹெப்பாரின் போன்றவை அடைந்திருக்கும். இந்தச் செல் கட்டுப்பாடு இல்லாமல் பெருகித் திரண்டால் அது மாஸ்ட் செல் கட்டி. தேய்த்தாலும், அழுத்தினாலும், சுவரில் உரசினாலும் செல்கள் உடைந்து ஹிஸ்டமின் கொட்டும். சுற்றுப்புறத் தோல் சிவந்து வீங்கும்; பிறகு ஹிஸ்டமின் கரைந்ததும் வற்றும். எலுமிச்சையும் கோலிக்குண்டும் அப்படி வந்தவைதான். அதே ஹிஸ்டமின் இரத்தத்தில் கலந்து இரைப்பைக்குப் போனால் அமிலம் கூடும். புண் வரும். புண்ணிலிருந்து கசியும் இரத்தம் செரிமானமாகித் தாராக வெளியே வரும்.

"நான் தேய்ச்சதாலதான் இப்படி ஆச்சா?" என்று அம்மா கேட்டார். தேய்த்ததால் ஊதியது, தேய்த்ததால் கட்டி வரவில்லை. ஜனவரியிலேயே நான் ஊசி குத்திப் பார்த்திருந்தால் பற்றுப் போடும் நிலையே வந்திருக்காது என்று அவரிடம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வரும்போது ஒரு மாதக் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பால் கணக்கு எழுதும் காலண்டர். பாக்கெட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் சில தேதிகளில் "க.பெ.", சிலவற்றில் "க.சி." என்று இருந்தது. கட்டி பெரிசு, கட்டி சின்னது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை பதினொரு குறிப்பு. என் கோப்பில் இருந்ததைவிட நல்ல நோய் வரலாறு அது. போட்டோ எடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டேன்.

ஊசி

கட்டிக்குள் ஊசி குத்திச் செல் எடுப்பதற்கு மயக்கம் தேவையில்லை. 22 கேஜ் ஊசி, ஒரு சிரிஞ்ச், இரண்டு மூன்று ஸ்லைடு போதும். நாய் தடுப்பூசிக்கு எவ்வளவு முகம் சுளிக்குமோ அவ்வளவுதான் இதற்கும். "குத்தினா பரவிடாதா டாக்டர்?" என்று கிட்டத்தட்ட எல்லோரும் கேட்கிறார்கள். தோல் கட்டிகளில் அந்தப் பயம் வேண்டாம். மூத்திரப்பையில் வரும் ஒரு வகைப் புற்றுநோயில் மட்டும் வயிற்றின் வழியாக ஊசி விடத் தயங்குவோம். ஊசி போன பாதையில் அது முளைத்த நிகழ்வுகள் உண்டு.

சந்தேகம் வந்துவிட்டதால் முதலில் ஹிஸ்டமினை அடக்கும் ஏவில் ஊசி போட்டுவிட்டுத்தான் கட்டியைத் தொட்டேன். அப்படியும் பத்து நிமிடத்தில் குத்திய இடத்தைச் சுற்றித் தோல் தடித்து எழும்பியது.

அவசரச் சாயத்தில் முதல் ஸ்லைடைப் பார்த்தேன். வட்ட வட்டமான செல்கள், நடுவில் உட்கரு. குருணை ஒன்றும் இல்லை. ஒரு நொடி, வேறு ஏதோ என்று நினைத்தேன். சில அவசரச் சாயங்களில் மாஸ்ட் செல் குருணை நிறம் பிடிக்காது. இதில் ஏமாந்தவர்கள் உண்டு. இரண்டாவது ஸ்லைடை லீஷ்மேன் சாயத்தில் போட்டுப் பொறுமையாக வைத்தேன். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்ததும் கேழ்வரகை வாரி இறைத்த மாதிரி கத்தரிப்பூ நிறத்தில் குருணைகள்; செல்லுக்குள்ளும், உடைந்த செல்லைச் சுற்றியும்.

இந்தச் செல்லுக்குப் பெயர் வைத்தவர் பால் எர்லிக். 1878-ல், திசுக்களுக்குச் சாயம் ஏற்றுவது பற்றிய தன் முனைவர் பட்ட ஆய்வில். குருணை நிறைந்திருப்பதைப் பார்த்து, தின்று கொழுத்த செல் என்று எண்ணி, தீனி போட்டுக் கொழுக்க வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லை அதற்குச் சூட்டினார். அவருக்கும் இது கொழுப்பாகத்தான் பட்டிருக்கிறது. ஆனால் அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சொன்னார். எர்லிக்கின் பெயர் இந்தக் கதையில் இன்னொரு முறையும் வரும்.

ஊசியை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், கட்டி என்று கொண்டுவரப்படுபவை எல்லாம் கத்திக்கு உரியவை இல்லை. தெருநாய்களின் பிறப்புறுப்பில் பூக்கோசு மாதிரி இரத்தம் கசிந்து நிற்கும் கட்டி சென்னையில் அடிக்கடி பார்ப்பது. இனச்சேர்க்கையில் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு உயிருள்ள புற்றுச் செல்லே தொற்றிப் பரவும் விசித்திர நோய். நாயின் செல்லில் 78 குரோமோசோம் என்றால் அந்தக் கட்டியின் செல்லில் அறுபதுக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஏதோ ஒரு நாயின் செல்கள் இன்னும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதற்கு வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றினால் பெரும்பாலும் நான்கைந்து வாரத்தில் கரைந்துவிடும். அறுத்தால் திரும்பி வர வாய்ப்பு அதிகம். ஒரு வயதுகூட ஆகாத பக் குட்டியின் காதில் சிவந்த பட்டன் மாதிரி வருவது பெரும்பாலும் ஹிஸ்டியோசைட்டோமா. இரண்டு மூன்று மாதத்தில் தானாக உதிர்ந்துவிடும். பூனையின் கன்னத்தில் திடீரென்று வந்தது என்றால், எதிர்வீட்டுப் பூனையோடு சண்டை போட்ட சீழ்கட்டியாக இருக்கும். ஆனால் பூனைக்கு மார்பில் சிறு பட்டாணி அளவில் வந்தால்கூட ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது; பூனையின் மார்புக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய். பெண் நாயில் இது ஏறக்குறைய பாதிக்குப் பாதி.

விரலுக்கு இவை எல்லாமே கட்டிதான்.

இரத்தம்

அறுவைக்கு நாள் குறிக்கும் முன் இரத்தம் எடுத்தோம். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 62,000. நாய்க்குக் குறைந்தது இரண்டு லட்சத்தை ஒட்டியாவது இருக்க வேண்டும். ஈறு வெளுத்திருந்தது, அது இரைப்பைக் கசிவாலும் இருக்கலாம். எர்லிகியா சோதனை பாசிட்டிவ்.

சென்னையில் நாய் வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நாய் உண்ணி வீட்டுச் சுவர் விரிசலிலேயே குடியிருந்து குஞ்சு பொரிக்கும். அதன் கடியில் ஏறும் பாக்டீரியாவால் தட்டணுக்கள் குறைந்துபோகும். பாக்டீரியாவின் பெயர் எர்லிகியா. பால் எர்லிக்கின் நினைவாக வைத்தது. ஒரே நாயின் உடம்பில் அவர் பெயர் இரண்டு இடத்தில் எழுதியிருந்தது.

அன்று மாலை பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தார். குரலில் கோபம் இருந்தது. "கேன்சர்னு கன்ஃபர்ம் ஆயிடுச்சு. எதுக்கு மேடம் ரெண்டு வாரம் தள்ளிப்போடறீங்க?"

நியாயமான கேள்வி. ஐந்து மாதத்தை வீணாக்கிய அதே டாக்டர் இன்னும் இரண்டு வாரம் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். காரணத்தைச் சொன்னேன். மாஸ்ட் செல் கட்டியை அறுக்கும்போது ஹிஸ்டமினோடு ஹெப்பாரினும் கொட்டும். ஹெப்பாரின் இரத்தம் உறையாமல் தடுப்பது. ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளுக்கு ஏற்றுவதும் அதையேதான். உறைவதற்கான தட்டணு மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும் உடம்பில், உறையவிடாத மருந்தைத் தானே சுரக்கும் கட்டியை அறுத்தால் மேசையிலேயே நாயை இழக்கலாம். இரண்டு வாரத்தில் கட்டி எங்கேயும் ஓடிப்போகாது என்றும் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கு உள்ளூர அவ்வளவு உறுதி இல்லை. கட்டியின் தரம், அதாவது அது எவ்வளவு கொடியது என்பது, அப்போது தெரியாது. மோசமான தரமாக இருந்தால் இரண்டு வாரமும் கணக்கில் வரும். மேசையில் சாகும் ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது, மற்றது தெரியாதது; தெரிந்ததை முதலில் தவிர்த்தேன்.

டாக்ஸிசைக்ளின், கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில், 28 நாள். வயிற்றுப் புண்ணுக்கு ஒமெப்ரசோலும் சுக்ரால்ஃபேட்டும். ஹிஸ்டமினை அடக்க மாத்திரை. இதில் ஒரு சிக்கல் உண்டு: சுக்ரால்ஃபேட் வயிற்றில் பூச்சு மாதிரி படிந்து டாக்ஸிசைக்ளினை உறிஞ்சவிடாது. டாக்ஸி கொடுத்து இரண்டு மணி நேரமாவது கழித்துத்தான் சுக்ரால்ஃபேட். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பதெல்லாம் பால் கணக்குக் காலண்டரில் ஏறியது. ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி சுருங்கும், அறுப்பது சுலபம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பலரும் செய்வதுதான். எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே கசியும் வயிற்றில் ஸ்டீராய்டு எரிகிற நெருப்பில் எண்ணெய். அதோடு, சுருங்கிய கட்டியின் ஓரம் எது என்று அளவுகோலை வைக்கும்போது நான் என்னையே ஏமாற்றிக்கொள்ளக்கூடும். வலி மாத்திரைகளும் இதே காரணத்துக்காகக் கூடவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கு வாங்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது எந்த நாளிலும் ஆபத்து. இந்த நோயில் உயிருக்கே.

வீட்டுக்காரர் தம் பங்குக்குத் துளசி மாடத்தின் விரிசல், மாடிப்படிக்கு அடியில் உள்ள சந்து எல்லாவற்றையும் சிமெண்ட் பூசி அடைத்தார். உண்ணிக்கு நாய்க்கு மட்டும் மருந்து போட்டுச் சுவரை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இதற்கிடையில் பரவியிருக்கிறதா என்று பார்த்தோம். வலது அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவியதில் லேசாகத் தென்பட்டது. இந்த முறை விரலோடு நிற்காமல் அதிலும் ஊசி விட்டேன். ஒன்றிரண்டு மாஸ்ட் செல், கொத்தாக இல்லை. சாதாரண நெறியிலும் ஒன்றிரண்டு இருக்கும். ஸ்கேனில் மண்ணீரலும் கல்லீரலும் சுத்தம். பதினாலாம் நாள் தட்டணுக்கள் 1,78,000. மலம் பழுப்புக்குத் திரும்பியிருந்தது.

அறுவை

காலை ஏழு மணி. வெயில் ஏறுவதற்குள் முடித்து, மதியத்துக்குள் முழுசாக விழித்திருக்க வேண்டும் என்று அந்த நேரம். இரவு பத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை, தண்ணீர் காலை வரை உண்டு.

மயக்கத்துக்கு முன் ஏவில், அமிலம் குறைக்கும் ஊசி. வலிக்குப் பியூட்டார்பனால். மார்ஃபின் பக்கமே போகவில்லை. அது தானாகவே ஹிஸ்டமினைக் கிளப்பும். புரபோஃபால் கொடுத்துத் தூங்கவைத்து, குழாய் போட்டு, ஐசோஃப்ளூரேன் வாயுவில் வைத்தோம்.

முடி மழிப்பதிலிருந்தே இந்தக் கட்டிக்குத் தனிப் பக்குவம். சுற்றிலும் அகலமாக மழிக்கலாம். கட்டி மேல் தேய்க்கக் கூடாது. சோப்புப் பஞ்சை வட்டமாக அழுத்தித் தேய்க்கும் பழக்கம் கையில் ஊறியது. உதவியாளரிடம் இரண்டு முறை சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது.

பிறகு அளவுகோலும் மார்க்கர் பேனாவும். கட்டியின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 2 செ.மீ. தள்ளி வட்டம் போட்டேன். முன்பெல்லாம் 3 செ.மீ. என்று சொல்லிக்கொடுத்தார்கள், சாதுவான தரத்துக் கட்டிகளுக்கு இரண்டே போதும் என்று இப்போது தெரியும். பக்கவாட்டைவிட அடிப்பக்கம் முக்கியம். அங்கே சென்டிமீட்டர் கணக்கு உதவாது. கட்டிக்கு அடியில் சேதமில்லாத ஒரு தசையுறையை முழுசாகச் சேர்த்து எடுக்க வேண்டும். கொழுப்பின் வழியாகப் புற்றுச் செல் சுலபமாக ஊர்ந்துபோகும். தசையுறை அதற்குச் சுவர். நாயின் தோலை ஈ உட்கார்ந்தால் சிலிர்க்கவைக்கும் மெல்லிய தசை ஒன்று தோலோடு ஒட்டி இருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிட்டு ஆழமாக எடுத்ததாக நினைப்பது ஒரு வழக்கமான பிழை. அதற்கும் கீழே, விலா மேல் அகன்று கிடக்கும் முதுகுத் தசையின் மேல்பரப்பு வரை போனேன்.

கணக்கைச் சொல்கிறேன். கட்டி 3.2, இரண்டு பக்கமும் 2 சேர்த்தால் 7.2 செ.மீ. அகலம். வட்டமாக எடுத்ததை நேர்கோடாக இழுத்துத் தைத்தால் இரண்டு முனையிலும் நாயின் காது மாதிரி மடிப்பு நிற்கும். அதைத் தவிர்க்க வெட்டை இலை வடிவில் நீட்டினால் நீளம் அகலத்தைப்போல மூன்று மடங்கு வரை போகும். தைத்து முடித்தபோது 21 செ.மீ. எலுமிச்சம்பழம் அளவு கட்டிக்கு ஒரு சாண் தையல். வீட்டுக்காரருக்கு இதை முந்தின நாளே தாளில் வரைந்து காட்டியிருந்தேன். காட்டாமல் விட்டால் தையலைப் பார்க்கும் அன்று நம்பிக்கை போய்விடும்.

ஜனவரியிலேயே, 2 செ.மீ. இருக்கும்போதே எடுத்திருந்தால் எவ்வளவு மிச்சம்? அதே கணக்கில் 18 செ.மீ. மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கும். விலாவில் தோல் தாராளமாக இருப்பதால் எனக்கு அது பெரிய வித்தியாசமில்லை. இதே கட்டி முன்னங்காலில் இருந்திருந்தால் அந்தச் சில சென்டிமீட்டர் காலையே தீர்மானித்திருக்கும்; அங்கே இழுத்து மூடத் தோல் கிடையாது. புரூனோவுக்குத் தாமதத்தின் விலை தையலில் இல்லை. வயிற்றுப் புண்ணில் இருந்தது, இரண்டு வாரம் குறைந்த சாப்பாட்டில் இருந்தது.

நடுவில் ஒரு முறை இரத்த அழுத்தம் 80-க்கு இறங்கியது. கட்டியின் அடியைப் பிரிக்கும்போது திசுவைக் கொஞ்சம் அதிகமாக மடக்கிவிட்டேன். கையை எடுத்துவிட்டு, சலைனை வேகமாக விட்டு, ஐந்து நிமிடம் எல்லோரும் சும்மா நின்றோம். ஏறியது. அதன்பிறகு வெட்டிய தோலின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முடித்தேன். மொத்தம் எழுபது நிமிடம்.

எடுத்த துண்டை அட்டையில் விரித்துத் தைத்து, தலைப்பக்க முனையில் ஒரு நூல் முடிச்சு, வெட்டிய ஓரம் முழுக்கக் கருப்பு மசி. ஃபார்மலின் துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். வாய் குறுகிய பாட்டிலில் திணித்து அனுப்பாதீர்கள். போகும்போது நெளிந்து போகும் திசு, ஃபார்மலினில் விறைத்த பிறகு பாட்டிலை உடைத்தால்தான் வெளியே வரும். அகன்ற வாய் ஊறுகாய் ஜாடிதான் என் வழக்கம், புதிதாக வாங்கியது.

"கட்டியைத்தான் எடுத்தாச்சே, எதுக்கு மறுபடி டெஸ்ட்?" என்று பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஊசி, கட்டியின் பெயரைச் சொல்லும். அது எந்தத் தரம், ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்பதை இந்த ஜாடிதான் சொல்லும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் தையல் நூலில் மலிவானதைப் போடுவேனே தவிர இதை விடமாட்டேன். புரூனோ வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

தையலுக்குப் பின்

முதல் நான்கு நாள் நல்லபடி. ஐந்தாம் நாள் தையலின் கீழ் முனையில், அக்குளுக்குப் பக்கத்தில், தண்ணீர் நிரம்பிய பலூன் மாதிரி தொங்கியது. சீழ் இல்லை; அகலமாகப் பிரித்தெடுத்த இடத்தில் தோலுக்கும் தசைக்கும் நடுவே நிணநீர் தேங்கியது. எங்கே தப்பு என்று விசாரித்ததில் தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டியிருந்த கோனை இரவில் கழற்றிவிட்டார்கள் என்று தெரிந்தது. "அதோட படுக்க முடியாம சுத்திச் சுத்தி வர்றான், பார்க்கவே பாவமா இருக்கு டாக்டரம்மா." கழற்றியதும் அவன் எழுந்து மாடி ஏறி இறங்கியிருக்கிறான், தையலை நக்கியும் இருக்கிறான்.

ஊசி விட்டு உறிஞ்சச் சொன்னார் மகன், போனில். உறிஞ்சினால் மறுநாள் மறுபடி நிரம்பும். ஒவ்வொரு குத்தும் கிருமிக்கு ஒரு வாசல். அதை விட்டுவிட்டுத் வீட்டுக்காரரின் பழைய கைவைத்த பனியனைக் கேட்டேன். முன்கால் இரண்டும் கை வழியாக, முதுகுப்பக்கம் மிச்சத் துணியை முடிச்சுப் போட்டு இறுக்கியதும் விலாவில் சீராக அழுத்தம் கிடைத்தது. கோனைவிட இதில் அவன் நிம்மதியாகத் தூங்கினான். தினம் ஒரு பனியன், துவைத்துக் காயவைத்து. பத்து நாளில் நீர் வற்றியது. தையலை வழக்கமான பத்தாம் நாளில் எடுக்காமல் பதினாலாம் நாள் வரை வைத்தேன். இந்தக் கட்டி இருந்த இடம் ஆற நேரம் எடுக்கும்.

அறிக்கை

பதினோராம் நாள் வந்தது. மாஸ்ட் செல் கட்டி. பட்நாயக் என்ற நோயியலாளர் 1984-ல் வகுத்த மூன்று படிகளில் இரண்டாவது. இந்த இரண்டாவது படி ஒரு குழப்பமான இடம். பெரும்பாலான கட்டிகள் அங்கேதான் வந்து குவியும், அவற்றில் சாதுவும் உண்டு, கொடியதும் உண்டு. அதனால்தான் 2011-ல் கியூபெல் குழு நடுப்படியே இல்லாமல் தாழ்ந்தது (சாது), உயர்ந்தது (கொடியது) என்று இரண்டாக மட்டும் பிரித்தது. உயர்ந்த தரம் என்று சொல்வதற்கான அடையாளங்களில் ஒன்று, மைக்ராஸ்கோப்பின் பத்துப் புலங்களில் ஏழு அல்லது அதற்கு மேல் செல்கள் பிரிந்துகொண்டிருப்பது. புரூனோவுக்கு இரண்டு. தாழ்ந்த தரம்.

ஓரங்கள்: பக்கவாட்டில் மிகக் குறுகிய இடத்தில் 11 மி.மீ. சுத்தம். அடியில் 3 மி.மீ., தசையுறை சேதமில்லை. நான் அளந்தது 20, அறிக்கையில் 11 என்றால் எங்கே போனது மிச்சம் என்று மகன் கேட்டார். வெட்டியதும் தோல் சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் சுருங்கும். கட்டியும் விரலுக்குப் படுவதைவிடக் கொஞ்சம் தூரம் வேர் விட்டிருக்கும். கீமோ தேவையில்லை என்று முடிவு செய்தோம். உயர்ந்த தரமாக வந்திருந்தால் வின்பிளாஸ்டினும் ஸ்டீராய்டும் பேசியிருப்போம். அது வேறு கதை.

பின்தொடர்பு

ஒரு மாதத்தில் ஒரு முறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் வடுவைத் தடவி, அக்குள் நெறியைப் பார்த்து, உடம்பு முழுக்க மெதுவாகக் கை ஓட்டுகிறோம். ஒரு முறை மாஸ்ட் செல் கட்டி வந்த நாய்க்கு வேறிடத்தில் புதிதாக இன்னொன்று வரலாம். அது பரவியது என்று பொருளில்லை, தனியாக முளைத்தது. கிளினிக்கில் நாயின் உருவம் வரைந்த தாள் ஒன்று அச்சடித்திருக்கிறேன். கட்டி எங்கே, எத்தனை மில்லிமீட்டர், குத்திய தேதி, ஸ்லைடில் பார்த்தது. ஒரு வயதான லாப்ரடாருக்கு அதில் பதினாலு புள்ளி வந்தது, பதினாலும் குத்தினோம். வரிசை நீண்டது, வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

அறுவைக்குப் பின் எட்டாம் மாதம் புரூனோவின் இடது மார்பில் புதுக் கட்டி, 1.5 செ.மீ. மெத்தென்று இருந்தது, நகர்ந்தது. ஜனவரியில் தொட்டதைப்போலவே இருந்தது என்பதை எழுதியே ஆக வேண்டும். விரலுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஊசி விட்டேன். ஸ்லைடில் பளபளவென்று எண்ணெய்த் துளி, காற்றில் காயவே இல்லை. சாயத்தில் முக்கியதும் எண்ணெய் கரைந்து கண்ணாடி ஏறக்குறையக் காலி. இந்த முறை நிஜமாகவே கொழுப்பு. தொடாமல் விட்டோம்.

பிப்ரவரித் தாளில், இரண்டு பாக்கெட் பாலுக்குப் பக்கத்தில், "பு.க. 1½, குத்தியாச்சு, கொழுப்பு" என்று எழுதியிருக்கிறார் அம்மா. அடுத்த பரிசோதனை மே மாதம்.